“மோசமில்லை” என்று சொன்னதைப் புகாராகப் பதிவு செய்தது குறித்து

அனுப்புநர்:
ஓட்பியோர்க் நிகோலைசன்,
ஸ்கார்வோய் வடிப்பாலை,
பழைய மீன் கொட்டகை, படகுத்துறை,
ஸ்கார்வோய் தீவு, வட நார்வே.

பெறுநர்:
மேல்முறையீட்டு அலுவலர் அவர்கள்,
மதுத் தயாரிப்பு அனுமதிப் பிரிவு,
தலைநகரம்.

பொருள்: வடிப்பாலைக்கு நிரந்தர அனுமதி மறுக்கப்பட்டது – பீப்பாய்களைக் கொட்டி அழிக்க ஆணை – அண்டை வீட்டாரின் வாக்குமூலங்கள் தலைகீழாகப் புரிந்துகொள்ளப்பட்டமை – ஆணையை ரத்து செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் பிரிவின் ஆய்வாளர் திரு. பிரேபென் ஹோல்ஸ்ட் அவர்கள் கடந்த ஜனவரியில் எங்கள் தீவில் நடத்திய விசாரணையின் அறிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் மேசைக்கு வரும் மனுக்களில் பெரும்பாலானவை அண்டை வீட்டார் மீது புகார் சொல்பவையாக இருக்கும். இந்த மனு, என் அண்டை வீட்டார் என்மீது சொல்லாத புகாரைச் சொன்னதாக எழுதிக்கொண்டு போனதைப் பற்றியது. இதில் உண்மையைத் தவிர வேறெதையும் எழுதவில்லை என உறுதி கூறி, கீழ்க்கண்டவற்றைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவருகிறேன்.

1. நான் மேற்படி தீவில் பிறந்து, மேற்படி தீவிலேயே குப்பை கொட்டிக்கொண்டிருப்பவள். மீன் வெட்டும் கொட்டகையில் மேற்பார்வையாளராக இருந்தேன். கொட்டகையை மூடியதும் ஊரில் பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டு தெற்கே போய்விட்டார்கள். நானும் என் கணவர் ஆஸ்பியோர்னும் போகவில்லை. ஏன் போகவில்லை என்று என் அக்கா தொலைபேசியில் ஓயாமல் கேட்டாள். பதில் சொல்வதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டதால், அந்தக் கொட்டகையையே வாங்கி, மது காய்ச்சி வடிக்கும் இந்த வடிப்பாலையைத் தொடங்கினோம்.

2. எங்கள் தீவில் சாராயம் காய்ச்சுவது புதிதல்ல என்பதைத் தாங்கள் அறிந்திருக்கக்கூடும். அறிந்திராவிட்டால் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். புதிது என்னவென்றால், நான் அனுமதி கேட்டதுதான். மூச்சு விடுவதற்கு அனுமதி கேட்பவளைப் பார்ப்பதுபோல ஊரே என்னைப் பார்த்தது. கடைக்காரர் யோஸ்டெய்ன் மட்டும் வாய்விட்டுச் சொன்னார்: “கேக்காம இருந்தா ஒருத்தனும் மறுக்க மாட்டான். கேட்டாத்தான மறுப்பான்.” இப்போது அவர் சொன்னதுதான் நடந்திருக்கிறது. அதை அவர் ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டவில்லை. அதுதான் எனக்கு அதிக வலி.

3. நாங்கள் தயாரிப்பது அக்வாவிட். தீவின் மணல் நிலத்தில் விளையும் உருளைக்கிழங்கைக் காய்ச்சி வடித்து, சீமைச்சீரகமும், பறவைப் பாறையில் முளைக்கும் மணமுள்ள ஒரு தண்டும் சேர்த்து, பீப்பாயில் ஊறப் போடுகிறோம். அந்தத் தண்டைப் பறிக்கப் போகிறவர்கள்மீது கடற்பறவைகள் நாற்றமெடுத்த எண்ணெயைக் காறித் துப்பும் என்பதால் ஒருவர் குடை பிடிக்க, ஒருவர் பறிப்பது எங்கள் தொழில்முறை. இந்தக் குடையைப் பற்றி ஆய்வறிக்கையில் “விளக்கமளிக்கப்படாத உபகரணம்” என்று குறிப்பிடப்பட்டுள்ளது. விளக்கம் மேலே அளிக்கப்பட்டுவிட்டது.

4. ஆய்வாளர் திரு. ஹோல்ஸ்ட் அவர்கள்மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இளைஞர், மரியாதை தெரிந்தவர். வந்த அன்றே காற்று வலுத்து, திரும்பிப் போகப் படகில்லாமல் எங்கள் வீட்டிலேயே தங்கினார். காட் மீனும் ஈரலும் சினையும் வேகவைத்துப் போட்டோம். ஈரலைப் பார்த்ததும் முகம் வெளுத்தாலும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். தொழிற்கூடத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்வையிட வேண்டும் என்பது விதி என்றார். நல்ல விதிதான். ஆனால் ஜனவரியில் எங்களுக்குச் சூரியன் வருவதில்லை. சூரியன் திரும்ப வரும் மாத இறுதிவரை அவர் தாராளமாக எங்களோடு இருக்கலாம், ஈரல் நிறைய இருக்கிறது என்றோம். அவர் விளக்கு வெளிச்சத்திலேயே பார்த்து முடித்தார்.

5. அதன்பின் விதிப்படி அண்டை வீட்டாரிடம் கருத்துக் கேட்கக் கிளம்பினார். விபரீதம் இங்கேதான் ஆரம்பித்தது. அறிக்கையில் பதிவானவற்றையும் உண்மை நிலையையும் கீழே தருகிறேன்.

(அ) பக்கத்து வீட்டு ஹில்மார், வயதான மீனவர், மனைவியை இழந்தவர். அவருடைய படுக்கையறைச் சுவருக்கும் எங்கள் செப்புக் கொப்பரைக்கும் நடுவே ஒரு சந்துதான் உண்டு. தயாரிப்பின் தரம் எப்படி என்று ஆய்வாளர் கேட்டதற்கு அவர், “இதவிட மோசமானதெல்லாம் குடிச்சிருக்கேன்” என்றார். அறிக்கை சொல்வது: “பக்கத்து வீட்டுக்காரர் தயாரிப்பை மோசமான மதுவகைகளோடு ஒப்பிடுகிறார்.”

(ஆ) கடைக்காரர் யோஸ்டெய்ன், வடிப்பாலையால் தொந்தரவு உண்டா என்ற கேள்விக்கு, “பழகிக்கலாம்” என்று பதிலளித்தார். அறிக்கை சொல்வது: “தீவுவாசிகள் வேறு வழியின்றிச் சகித்துக்கொள்கிறார்கள்.”

(இ) என் கணவர் ஆஸ்பியோர்ன் பற்றவைப்பு வேலை தெரிந்தவர். கொப்பரை, குழாய் எல்லாவற்றையும் தன் கையாலேயே பொருத்தினார். இயந்திரங்கள் பாதுகாப்பானவையா என்று கேட்டபோது, தன் வாழ்நாளின் ஆகச் சிறந்த வேலையைப் பற்றி அவர் சொன்னது: “இன்னும் வெடிக்கல.” அறிக்கையில் இதற்கு ஒரு முழுப் பக்கமும், சிவப்பு எழுத்தில் ஒரு தலைப்பும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன.

(ஈ) பிரார்த்தனைக் கூடத்தின் சாவியை வைத்திருக்கும் பெர்ன்டினா அம்மையார் மதுவைத் தொட்டதில்லை, தொடுபவர்களையும் விட்டதில்லை. என்னைப் பற்றி அவர் கூறியதை அப்படியே தருகிறேன்: “அவ நரகத்துக்குத்தான் போவா. ஆனா போற வழியில என் வீட்டு வாசப் பனியையும் அள்ளிப் போட்டுட்டுத்தான் போவா.” அறிக்கையில் முதல் வாக்கியம் மட்டும் உள்ளது.

6. ஐயா, தெற்கே ஒரு பொருள் நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்வீர்கள். நாங்கள் அப்படிச் சொல்வதில்லை. மனமில்லாமல் அல்ல, கூச்சம். இங்கே ஒருவர் முகத்துக்கு நேரே அவரைப் புகழ்வதும், அவர் முன்னால் கால்சட்டையைக் கழற்றுவதும் ஏறக்குறைய ஒன்று. நல்ல சாப்பாட்டுக்கு “வயித்துக்குள்ள போச்சு” என்போம். அபாரமான வானிலைக்கு “மழை இல்ல” என்போம். அதற்கு மேலும் புகழ வேண்டி வந்தால் “அவ்வளவு மோசமில்ல” என்போம். அதற்கும் மேலே எங்களிடம் சொல் இல்லை.

ஆதாரமாக என் சொந்த விஷயத்தையே தருகிறேன். ஆஸ்பியோர்ன் என்னைப் பெண் கேட்டபோது வலை உலர்த்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமல், “உன்கூட ஒரே வீட்டுல இருந்தா அவ்வளவு மோசமா இருக்காதுன்னு நெனைக்கிறேன்” என்றார். அன்றைக்கு ஆகாயத்தில் மிதந்தபடி வீடு போய்ச் சேர்ந்தேன். தங்கள் ஆய்வாளர் அன்று அங்கே இருந்திருந்தால், மணமகனுக்கு இந்தத் திருமணத்தில் விருப்பமில்லை என்று எழுதியிருப்பார்.

மேற்படி ஹில்மார் தம் மனைவி குன்வோரின் சவப்பெட்டி அருகே நின்று பேசியது ஒரே வாக்கியம்: “பக்கத்துல உக்காந்தா தொந்தரவில்லாத பொம்பள.” தேவாலயத்தில் அழாதவர் ஒருவருமில்லை. பாதிரியாரால் பிரார்த்தனையைத் தொடர முடியவில்லை. அப்படிப்பட்டவர் என் சரக்கைப் பார்த்து, இதைவிட மோசமானதைக் குடித்திருப்பதாகச் சொல்கிறார் என்றால், அது பரிசுப் பதக்கத்துக்குச் சமம் என்பதைத் தாங்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

7. “ஆய்வாளர் மிரட்டப்பட்டார்” என்று அறிக்கையில் உள்ள குற்றச்சாட்டு பற்றி: வழியனுப்பும்போது ஹில்மார் திரு. ஹோல்ஸ்டின் முதுகில் தட்டி, அவரைக் குதிரையின் ஓர் உறுப்பாக விளித்தது உண்மை. எந்த உறுப்பு என்பதை அரசு மனுவில் எழுத என் வளர்ப்பு இடம் கொடுக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் அது பிரியமானவர்களுக்கு மட்டுமே வழங்கப்படும் பட்டம். என் தாயார் எங்கள் பாதிரியாரை அப்படித்தான் கூப்பிடுவார். பாதிரியாரும் “என்ன” என்று திரும்பிப் பார்ப்பார். பிடிக்காதவர்களிடம் நாங்கள் மிகவும் மரியாதையாகப் பேசுவோம். ஹில்மார் ஆய்வாளரை “ஐயா” என்று அழைத்திருந்தால், அப்போது நானே தங்களுக்குத் தகவல் தெரிவித்திருப்பேன்.

8. இதுவரை தற்காலிக அனுமதியில் இயங்கிவந்த எங்களுக்கு, மேற்கண்ட அறிக்கையின் அடிப்படையில் நிரந்தர அனுமதி மறுக்கப்பட்டிருக்கிறது. இந்த மாத முடிவுக்குள் பீப்பாய்களில் உள்ள அனைத்தையும் அலுவலர் முன்னிலையில் வடிகாலில் ஊற்ற வேண்டும் என்றும் ஆணை. எங்கள் வடிகால் நேரே கடலுக்குப் போகிறது. காட் மீன்கள் ஆட்சேபிக்காது என்று ஊரில் பேச்சு. சிரிப்பார்கள், எதற்கும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டை அடகு வைத்துத் தொடங்கிய தொழில் இது. அந்தப் பீப்பாய்களைக் கொட்டினால் எங்களால் மீண்டும் எழ முடியாது. தெற்கே அக்கா வீட்டு மாடியறைக்குத்தான் போக வேண்டும். எனக்கு இங்கேயே இருக்க வேண்டும், ஐயா. இதை என் கணவரிடம்கூட இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னதில்லை.

9. ஆணை கிடைத்ததும் திரு. ஹோல்ஸ்டிடம் தொலைபேசியில் பேசினேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். ஊர் மக்கள் தங்கள் கருத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னால் மேல்முறையீட்டில் எடுபடும் என்றார். “அவங்களுக்குப் புடிச்சிருக்குன்னா, நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்மா. அவ்வளவுதானே” என்றார். அவ்வளவுதான் என்பது அவர் ஊரில்.

10. கடந்த ஞாயிறு அன்று ஊர்க்கூட்டம் கூட்டினோம். இருக்கும் ஒரே பெரிய அறை பிரார்த்தனைக் கூடம்தான். பாட்டில் எதுவும் படியேறக் கூடாது என்ற நிபந்தனையோடு பெர்ன்டினா அம்மையார் கதவைத் திறந்துவிட்டார். வாஃபிளும் சுட்டு வைத்திருந்தார். எழுத்து அழகாக இருக்கும் என்பதால் வாக்குமூலத்தை எழுதும் பொறுப்பையும் அவரே ஏற்றார். மது ஒழிப்புக்காகப் பாடுபட்ட கை, மதுவுக்குச் சான்றிதழ் எழுதக் காத்திருந்தது.

யோஸ்டெய்ன் முதலில் எழுந்தார். “மிகவும் மோசமில்லை” என்று போடலாம் என்றார். “மிகவும்” சேர்த்தால் இன்னும் மோசமாகிறது என்று ஒரு தரப்பு. இல்லை, குறைகிறது என்று இன்னொரு தரப்பு. காப்பி ஆறும்வரை இதே விவாதம். என் கணவரிடம் கேட்டார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “வெடிக்கிற அறிகுறி எதுவும் தெரியல” என்றார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய முன்னேற்றம் என்பதை நான் பதிவு செய்கிறேன். பெர்ன்டினா அம்மையார், சரக்கைப் பற்றித் தம்மால் பொய்யோ மெய்யோ சொல்ல இயலாது என்றும், பனி அள்ளியதைப் பற்றி வேண்டுமானால் இரண்டு பக்கம் எழுதித் தருவதாகவும் சொன்னார். “நல்லா இருக்குன்னு இதுக்கே சொல்லிட்டா, நாளைக்கு நெசமாவே ஏதாவது நல்லா இருந்துச்சுன்னா என்னத்தச் சொல்றது?” என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. இவர்கள் என்னைக் கைவிடவில்லை, இவர்களால் முடியவில்லை. நானே அவர்கள் இடத்தில் இருந்தால் எனக்கும் வந்திருக்காது. கூட்டத்தை முடித்துக்கொள்ளலாம் என்று எழுந்தேன்.

11. அப்போது ஹில்மார் எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றினார். சவ அடக்கம் தவிர வேறெங்கும் அவர் தொப்பியைக் கழற்றி நாங்கள் பார்த்ததில்லை. காது இரண்டும் சிவந்திருந்தன. யாரையும் பார்க்காமல், சுவரைப் பார்த்து,

“நல்லா இருக்கு” என்றார்.

பெர்ன்டினா அம்மையாரின் பேனா அசையவில்லை. ஹில்மார் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னார்: “அதான் சொல்லிட்டேன்ல. எழுதிக்கோ. நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு.”

தட்டில் பாதி வாஃபிளை அப்படியே விட்டுவிட்டு வெளியே போய்விட்டார். யோஸ்டெய்ன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர், பனி எப்படி இருக்கிறதென்று பார்க்கப் போவதாகச் சொல்லி வெளியேறினார். வெளியே பனி பெய்யவில்லை. நான் அழுதேன், ஐயா. இதையெல்லாம் மனுவில் எழுதுவது முறையா என்று தெரியவில்லை. உண்மையைத் தவிர வேறெதையும் எழுதவில்லை என்று மேலே உறுதி கூறிவிட்டதால், நடந்த உண்மையை விட்டுவிடவும் மனம் வரவில்லை.

12. அன்றிலிருந்து ஹில்மார் கடை மூடும் நேரம் பார்த்துத்தான் கடைக்கு வருகிறார். துக்க வீட்டுக்குக் கொண்டுபோவதுபோல ஊரார் அவர் வீட்டுக்கு மீன் சூப் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நன்றி சொல்லும் வழக்கமும் எங்களிடம் சரியாக இல்லாததால், ஒரு பாட்டிலை (வரி செலுத்தியது) அவர் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் மூடி திறக்காமல் அதையே என் கையில் திணித்தார். “இத வாங்கிட்டா சாட்சி கெட்டுப்போவும். மொதல்ல உத்தரவு வரட்டும்” என்றார். ஆகவே, உத்தரவு வரும்வரை அவர் குடிப்பதில்லை என்று இருக்கிறார். வெளியே அனுமதியில்லாத சரக்கு கிடைத்தும் அதையும் தொடவில்லை. பிப்ரவரி மாதத்தில் எங்கள் ஊரில் ஒருவர் இப்படி இருப்பது மருத்துவ ரீதியாகவும் கவலைக்குரியது.

13. எனவே தாங்கள் தயவுகூர்ந்து, பீப்பாய்களை அழிக்கும் ஆணையை உடனடியாக நிறுத்திவைக்குமாறும், வாக்குமூலங்களை மேலே விளக்கியுள்ளபடி திரும்பப் படித்து, எங்களுக்கு நிரந்தர அனுமதி வழங்குமாறும் பணிவோடு வேண்டுகிறேன்.

மறு விசாரணை தேவை என்று தாங்கள் கருதினால், திரு. ஹோல்ஸ்ட் அவர்களையே மீண்டும் அனுப்பலாம். ஊரில் அவரைப் பற்றி விசாரித்தேன். அவ்வளவு மோசமில்லை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். படகுத்துறையில் யாராவது அவரைக் குதிரையோடு சம்பந்தப்படுத்தி அழைத்தால், வந்த இடத்தில் வரவேற்பு நன்றாக இருக்கிறது என்று அவர் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அவர் வந்து கொப்பரையைத் தட்டிப் பார்க்கட்டும், குழாய்களை முகர்ந்து பார்க்கட்டும். என்னிடமும் என் கணவரிடமும் யோஸ்டெய்னிடமும் எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேட்கட்டும். பெர்ன்டினா அம்மையாரிடம் நரகத்தைப் பற்றிக்கூட விரிவாகக் கேட்டுக்கொள்ளட்டும். ஹில்மாரிடம் மட்டும் அந்தச் சொல்லை மறுபடி சொல்லச் சொல்ல வேண்டாம். அவருக்கு வயதாகிவிட்டது, ஐயா. இன்னொரு முறை அவரால் முடியாது.

தங்கள் பதிலை எதிர்நோக்கித் தினமும் படகுத்துறைக்கு வந்து நிற்கும்,

(ஒப்பம்)
ஓட்பியோர்க் நிகோலைசன்

இடம்: ஸ்கார்வோய்
நாள்: பிப்ரவரி 11

இணைப்பு: ஊர்க்கூட்டத்தில் பதிவான வாக்குமூலம், பெர்ன்டினா அம்மையாரின் கையெழுத்தில். அவர் கேட்டுக்கொண்டபடி, பனி அள்ளியது பற்றிய இரண்டு பக்கங்களும் உடன் வைக்கப்பட்டுள்ளன.